“எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே!”

(தொலைக்காட்சி மேடை: பினாங்கு, ஜெலுத்தோங்கில் மகளிர் கூடிய அரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஞாயிற்றுக்கிழமைச் சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, கடைசி வரிசையில் கதவோரமாக அமர்ந்திருக்கும் ஐயாமார்களே! ஐயாமார்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. “இது பெண்கள் சமாச்சாரம், நமக்கு இங்கே என்ன வேலை?” என்று மெதுவாக எழுந்து போய்விடாதீர்கள். இன்றைய பேச்சில் பாதி உங்களுக்காகத்தான்.

நான் மருத்துவர் அல்ல. தொடர்புத்துறையில் டிப்ளோமா படித்துவிட்டு, கேமராவின் முன் நின்று கேள்வி கேட்பதைத் தொழிலாகக் கொண்டவள். ஆகவே எனக்குத் தெரிந்த வழியிலேயே இன்று பேசப் போகிறேன். மார்பகப் புற்றுநோயைப் பற்றி நம் பெண்கள் என்னென்ன கேட்கிறார்களோ அவற்றை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். பதிலை என் வாயால் சொன்னாலும், அது மருத்துவர்கள் எழுதி வைத்த பதில். நம் நாட்டுப் புள்ளிவிவரங்கள் சொல்லும் பதில்.

இந்த நோயைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நான் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. “எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே!” என்பதுதான் அது. பல வீடுகளில் கதவைத் திறந்துவிட்டு நோயை உள்ளே அழைப்பது இந்த வாசகம்தான் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

இது என்ன நோய்?

மார்பகம் என்பது பால் சுரக்கும் சிறு பைகளும், அந்தப் பாலை வெளியே கொண்டுவரும் நுண்ணிய குழாய்களும், அவற்றைச் சுற்றியுள்ள கொழுப்பும் சேர்ந்தது. நம் உடம்பில் அணுக்கள் தேவைக்கேற்பப் பெருகும், வயதானால் மடியும். அதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அந்தக் கட்டுப்பாடு ஓரிடத்தில் தவறி, சில அணுக்கள் நிறுத்தாமல் பெருகினால் அது புற்றுநோய். மார்பகத்தில் இது பெரும்பாலும் அந்தப் பால்குழாய்களின் உட்சுவரில்தான் தொடங்குகிறது. தொடங்கிய இடத்திலேயே இருக்கும்வரை ஆபத்து குறைவு. அங்கிருந்து அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளுக்குப் பரவி, பிறகு எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று போகும்போதுதான் உயிருக்கு உலை வைக்கிறது.

கண்ணேறு பட்டு வருவதல்ல இது. கறுப்பு உள்ளாடை அணிவதால் வருவதல்ல. கைப்பேசியை ரவிக்கைக்குள் வைப்பதால் வருவதாகவும் எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. நோயுள்ள பெண்ணின் தட்டையும் குவளையையும் தனியாக ஒதுக்கி வைக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அந்தப் பாவத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

யாருக்கு வருகிறது?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 23 லட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்துபோனார்கள். அதே நிறுவனம் சொல்லும் இன்னொரு செய்தியைக் கவனமாகக் கேளுங்கள். இந்நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண்ணாய்ப் பிறந்ததையும் வயது ஏறியதையும் தவிர குறிப்பிட்ட வேறு காரணம் எதுவும் இல்லை.

பெண்ணாக இருப்பதும் நாற்பதைத் தாண்டுவதும்தான் முதல் இரண்டு காரணங்கள். அப்படியென்றால் இந்த அரங்கில் யார் தப்பு?

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரையிலான விவரங்களைத் தொகுத்திருக்கிறது. அதன்படி நம் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். மூன்று புற்றுநோய்களில் ஒன்று மார்பகப் புற்றுநோய். இன வாரியாகப் பார்த்தால், சீனப் பெண்களில் 22 பேரில் ஒருவருக்கும், இந்தியப் பெண்களில் 23 பேரில் ஒருவருக்கும், மலாய்ப் பெண்களில் 30 பேரில் ஒருவருக்கும் வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும்.

இருபத்து மூன்று பேரில் ஒருவர்! ஒரு திருமண வீட்டில் பெண்கள் பக்கம் 230 பேர் உட்கார்ந்திருந்தால், அவர்களில் பத்துப் பேர் என்று பொருள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. “இது வெள்ளைக்காரர்களுக்கு வருவது, சீனர்களுக்கு வருவது, நமக்கு எங்கே வரப்போகிறது” என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நமக்கும் சீனப் பெண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அவ்வளவு சிறியது.

பினாங்கு மக்களுக்கு இன்னொரு செய்தி. புற்றுநோயை ஊர்வாரியாக முறைப்படி எண்ணி வைக்கும் வேலை நம் மாநிலத்தில் 1994-லேயே தொடங்கிவிட்டது. பினாங்குப் பதிவேட்டின் எண்கள் அனைத்துலகப் புற்றுநோய்த் தொகுப்பு நூலிலும் இடம்பெற்றிருக்கின்றன. அந்த எண் ஒவ்வொன்றும் இந்தத் தீவிலோ செபராங் பிறையிலோ குடும்பம் நடத்திய ஒரு மனிதர் என்பதை மறந்துவிடக் கூடாது.

பரம்பரை என்பது எவ்வளவு?

இப்போது அந்தப் பழைய வாசகத்துக்கு வருகிறேன். பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் கோளாறினால் ஏற்படும் மார்பகப் புற்றுநோய், மொத்தத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்களை 1994, 1995-ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள். ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-இல் தமக்கு இந்தக் கோளாறு இருப்பதை வெளிப்படையாக எழுதிய பிறகுதான் உலகம் முழுவதும் சாதாரண மக்களின் வாயிலும் இந்தப் பெயர் அடிபட்டது.

அப்படியானால் மீதம் உள்ள தொண்ணூறு பேர்? அவர்களில் பெரும்பாலோர் “எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே” என்று சொன்னவர்கள்தான். குடும்பத்தில் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பது உண்மை. இல்லாவிட்டால் எச்சரிக்கையே வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரம்பரை என்றதும் நாம் அம்மா, பாட்டி, சித்தி, பெரியம்மா என்று தாய்வழியை மட்டும் எண்ணுகிறோம். இந்த மரபணு தகப்பன் வழியாகவும் வரும். அத்தைக்கு இருந்ததா, அப்பாயிக்கு இருந்ததா என்றும் கேட்க வேண்டும். நம் வீடுகளில் “அவருக்கு ஏதோ நெஞ்சில் கட்டி வந்து போய்விட்டார்” என்று மூடி மூடிப் பேசி, பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவேண்டிய செய்தியைச் சுடுகாட்டோடு புதைத்துவிடுகிறோம். அப்படி மறைப்பதில் குடும்ப மானம் காப்பாற்றப்படுவதில்லை. பேத்தியின் உயிர்தான் பணயம் வைக்கப்படுகிறது.

“நான் நாலு பிள்ளை பெற்றவள், பால் கொடுத்தவள்”

இதுவும் அடிக்கடி வரும் பதில். இதில் பாதி உண்மை இருக்கிறது. சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலிய மருத்துவர் ரமாசினி, கன்னியாஸ்திரீகளுக்கு இந்நோய் அதிகம் வருவதைக் கவனித்து எழுதியிருக்கிறார். 2002-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு பேறுக்கும் ஆபத்து 7 விழுக்காடும், தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் மேலும் 4.3 விழுக்காடும் குறைகிறது என்று கண்டார்கள்.

குறைகிறது என்றுதான் சொன்னார்கள். வரவே வராது என்று சொல்லவில்லை. பத்துப் பிள்ளை பெற்றவருக்கும் வரலாம். மணமாகாதவருக்கும் வரலாம். கையில் குழந்தையோடு பால் கொடுத்துக்கொண்டிருப்பவருக்கும் வரலாம். “பால் கட்டியிருக்கிறது, தானே கரைந்துவிடும்” என்று விடப்படும் கட்டிகள் எல்லாமே பால்கட்டி என்று நினைத்துவிட முடியாது. சில வாரங்களில் கரையாவிட்டால் காட்டிவிட வேண்டும்.

முன்பைவிட இப்போது ஏன் கூடுகிறது என்று கேட்கலாம். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980-களிலிருந்து கணக்கு எடுத்து வருகிறது. அன்று அங்கே பெண்களுக்கு வந்த புற்றுநோய்களில் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். பின்னர் அந்த இடத்துக்கு மார்பகப் புற்றுநோய் வந்துவிட்டது. சிறு வயதிலேயே பூப்படைதல், தாமதமான முதல் பிரசவம், குறைவான பிள்ளைகள், உட்கார்ந்தே செய்யும் வேலை, மாதவிடாய் நின்ற பிறகு ஏறும் உடல் எடை, மதுப்பழக்கம் ஆகியவை எல்லாம் இதில் பங்கு கொள்கின்றன. இவற்றில் பலவற்றை நாம் மாற்ற முடியாது. படிக்கப் போனதற்காகவும் வேலைக்குப் போனதற்காகவும் எந்தப் பெண்ணையும் குறை சொல்லாதீர்கள். எடையையும் மதுவையும் கட்டுப்படுத்தலாம், தினமும் வேகமாக நடக்கலாம். அவை நம் கையில் உள்ளவை.

வயதைப் பற்றியும் சொல்லவேண்டும். மேலை நாடுகளைக் காட்டிலும் ஆசியப் பெண்களுக்கு இந்நோய் இளமையிலேயே வருவது அதிகம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் வயதில், வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் வயதில் வருகிறது. முப்பது வயதிலும் வருகிறது. அறுபதுக்கு மேல் “இனி எனக்கென்ன” என்று இருக்கும் பாட்டிகளுக்கும் வருகிறது.

கதவோரத்தில் இருக்கும் ஐயாமார்களே, உங்களையும் இது விட்டுவைக்கவில்லை. மார்பகப் புற்றுநோய் வரும் நூறு பேரில் சுமார் ஒருவர் ஆண். ஆண்களுக்கும் மார்பில் பால்குழாய்த் திசு கொஞ்சம் இருக்கிறது. “ஆம்பளைக்கு இதெல்லாம் வருமா?” என்று சிரித்துவிட்டுப் போவதால்தான் ஆண்கள் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

யார் பிழைக்கிறார்கள்?

இவ்வளவு நேரம் யாருக்கு வரும் என்று பேசினோம். அதைவிடப் பெரிய கேள்வி, வந்தவர்களில் யார் பிழைக்கிறார்கள் என்பது. இந்த இடத்தில் நீங்கள் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய நான்கு எண்கள் இருக்கின்றன.

2007 முதல் 2011 வரை மலேசியாவில் நோய் கண்டறியப்பட்டவர்களை 2016 வரை தொடர்ந்து கவனித்து, சுகாதார அமைச்சு 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் கணக்கு. முதல் கட்டத்தில் வந்தவர்களில் 87.5 விழுக்காடு. இரண்டாம் கட்டத்தில் 80.7. மூன்றாம் கட்டத்தில் 59.7. நான்காம் கட்டத்தில் 23.3.

அதே நாடு, அதே மருத்துவமனைகள், அதே மருந்துகள். முதல் கட்டத்தில் வந்தவர்களில் எட்டுப் பேரில் ஏழு பேர் இருக்கிறார்கள். நான்காம் கட்டத்தில் வந்தவர்களில் நான்கு பேரில் மூன்று பேர் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது பணமோ, படிப்போ, சாதகமோ அல்ல. பெரும்பாலும் சில மாதங்கள்தான்.

அந்தச் சில மாதங்களை நாம் எப்படிச் செலவழிக்கிறோம்? 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்டவர்களில் 47.9 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இது 43.2-ஆக இருந்தது. மருத்துவமனைகள் பெருகின, இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டி ஓட்டங்கள் நடந்தன, ஆனால் தாமதமாக வருவோர் குறையவில்லை, கூடினார்கள்.

ஏன் தாமதம்?

யு.எஸ்.எம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து மருத்துவமனைகளில் 328 பெண்களைச் சந்தித்துக் கேட்ட ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. அறிகுறி தெரிந்த பிறகு முதல் முறையாக மருத்துவரிடம் போகவே அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நோய் இன்னதென்று உறுதியாக, பாதிப் பேருக்கு ஐந்தரை மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மாற்று வைத்தியத்தை நாடியது, “இது புற்றுநோயாக இருக்காது” என்று தாமே முடிவு கட்டியது, சிகிச்சையின்மேல் இருந்த அச்சம் ஆகியவை தாமதத்துக்குக் காரணங்களாக அதில் சொல்லப்பட்டிருக்கின்றன.

நிகழ்ச்சி வேலையாகப் போன இடத்தில் ஓர் அக்கா என்னிடம் சொன்னதை அவர் பெயரோ ஊரோ இல்லாமல் சொல்கிறேன். சந்தையில் காய்கறி வியாபாரம் செய்கிறவர். குளிக்கும்போது கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. மகளுக்கு அந்த ஆண்டு எஸ்.பி.எம். பரீட்சை. “பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். பிறகு தீபாவளி. தீபாவளி நேரத்தில் கடையை மூட முடியுமா? பிறகு மாமியாருக்கு உடம்புக்கு முடியவில்லை.” எட்டு மாதம். போனபோது மூன்றாம் கட்டம். மகளுக்கு நல்ல தேர்ச்சி கிடைத்தது. அந்தத் தேர்ச்சித் தாளைப் பார்த்து மகள் அழுததாக அந்த அக்கா சொன்னார். “எனக்காகவா அம்மா காத்திருந்தீங்க?” என்று கேட்டாளாம்.

நம் பெண்கள் சோம்பேறிகளாக இருந்து தாமதிப்பதில்லை. எல்லாருக்கும் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் தமக்கு என்று வைத்திருப்பதால் தாமதிக்கிறார்கள். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள், கடைசியாகத் தூங்குகிறவள், மருத்துவரிடமும் கடைசியாகப் போகிறாள். இதைத் தியாகம் என்று நாம் பாராட்டிப் பாராட்டியே வளர்த்துவிட்டோம்.

வலியில்லாத கட்டி என்பதுதான் இதில் மிகப் பெரிய ஏமாற்று. வலித்தால் ஓடுகிறோம். வலிக்காததால் விடுகிறோம். இந்நோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. “ஆண் டாக்டராக இருந்தால் என்ன செய்வது?” அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பெண் மருத்துவரோ தாதியோ பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. “கத்தி பட்டால் பரவிவிடும், ஊசி குத்தினால் பரவிவிடும்” என்பது மற்றோர் அச்சம். ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பதால் நோய் பரவுவதில்லை. முற்றிய பிறகு அறுவை சிகிச்சைக்குப் போய் இறந்தவர்களைப் பார்த்து, கத்திதான் கொன்றது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கொன்றது தாமதம்.

சரவாக் காட்டிய வழி

இதை மாற்ற முடியுமா? முடியும் என்று நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1994-இல் சரவாக்கில் மார்பகப் புற்றுநோயோடு வந்தவர்களில் 60 விழுக்காட்டினர் முற்றிய நிலையில்தான் வந்தார்கள். ஆறும் காடும் தாண்டி, நீள்வீடுகளிலிருந்து வரவேண்டிய மக்கள். கூச்சிங் பொது மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவின் தலைவராக இருந்த டாக்டர் பீனா தேவியும் அவர் குழுவினரும் பெரிய இயந்திரம் எதையும் வாங்கிக் காத்திருக்கவில்லை. மருத்துவமனைகளிலும் உட்பகுதிக் கிளினிக்குகளிலும் வேலை செய்த தாதியருக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எது சந்தேகத்துக்குரிய கட்டி, யாரை உடனே அனுப்ப வேண்டும் என்று கற்பித்தார்கள். அந்தத் தாதியர் சுவரொட்டி, துண்டறிக்கையோடு தம் பகுதிப் பெண்களிடம் எடுத்துச் சொன்னார்கள். நான்கே ஆண்டுகளில், 1998-இல், முற்றிய நிலையில் வந்தவர்கள் 35 விழுக்காடாகக் குறைந்துவிட்டார்கள்.

மும்பாயிலும் இதற்கு நிகரான ஒரு முயற்சி நடந்தது. டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998 முதல் இருபது ஆண்டுகள், ஒன்றரை லட்சம் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு அது. பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டாண்டுக்கு ஒரு முறை கையாலேயே மார்பகத்தைச் சோதிக்க வைத்தார்கள். 2021-இல் முடிவு வெளிவந்தது. சோதிக்கப்பட்ட பெண்களிடம் முற்றிய நோய் குறைவாக இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. அதைவிட இளையவர்களிடம் மரணத்தில் அத்தகைய குறைவு தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

நீள்வீட்டிலிருந்து படகேறி வந்தவர்களால் முடிந்தது, பேருந்து ஏறினால் பினாங்குப் பொது மருத்துவமனைக்குப் போய்விடக்கூடிய ஜெலுத்தோங் பெண்களுக்கு முடியாதா?

என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் உடம்பை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். மாதவிடாய் தொடங்கிய ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், குளிக்கும்போது ஐந்து நிமிடம் போதும். மாதவிடாய் நின்றவர்கள் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பாருங்கள், விரல்களைத் தட்டையாக வைத்துத் தடவிப் பாருங்கள். கட்டி, அக்குளில் நெறி, ஒரு பக்கம் மட்டும் அளவு மாறுதல், தோல் குழி விழுதல் அல்லது ஆரஞ்சுத் தோல்போல் ஆதல், காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ஆறாத புண், இரத்தக் கசிவு, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

இதில் ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். தானே தடவிப் பார்ப்பதை மட்டும் நம்பியிருந்தால் போதாது. ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் மரணம் குறையவில்லை. ஆகவே மாற்றத்தைக் கவனிப்பது முதல் படி. உடனே போய்க் காட்டுவதுதான் உயிரைக் காக்கும் படி.

கட்டி என்றாலே புற்றுநோய் என்று நடுங்கவும் வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயல்ல. ஆனால் எது எது என்பதை உங்கள் விரலோ, பக்கத்து வீட்டு அம்மாவோ சொல்ல முடியாது. மருத்துவர் கையால் சோதிப்பார், ஸ்கேன் அல்லது மெமோகிராம் எடுப்பார், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுப்பார். மூன்றும் சேர்ந்தால்தான் பதில்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மார்பகத்தைச் சோதித்துக்கொள்ளலாம். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. ஒரு தேத்தண்ணீர் விலைகூட இல்லை. அறிகுறி இல்லாதவர்களும் 50 முதல் 74 வயதுவரை இரண்டாண்டுக்கு ஒரு முறை மெமோகிராம் எடுத்துக்கொள்ளலாம் என்பது சுகாதார அமைச்சின் வழிகாட்டி. குடும்பத்தில் நோய் இருந்தால் எந்த வயதில் தொடங்குவது என்று மருத்துவரைக் கேளுங்கள். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சகோதரிகளே, சொக்சோ 2013-இல் தொடங்கிய பரிசோதனைத் திட்டத்தில் 40 வயதான பெண்களுக்கு மெமோகிராமும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019-இல் தொடங்கிய பெகா பி40 திட்டத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளியும், தீபகற்பத்தில் போக்குவரத்துச் செலவுக்கு 500 வெள்ளி வரையும் உதவி உண்டு. வாங்காமல் விடுவது யார் நஷ்டம்?

“மார்பகத்தையே எடுத்துவிடுவார்களே!”

இதைச் சத்தமாகக் கேட்பவர்கள் குறைவு, மனத்துக்குள் கேட்பவர்கள் அதிகம். ஒரு காலத்தில் எல்லாருக்கும் முழுவதுமாக எடுத்தார்கள். அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் டாக்டர் வெரோனேசியும் 1980-களில் வெளியிட்ட ஆய்வுகள் அதை மாற்றிவிட்டன. ஆரம்பக் கட்டத்தில், கட்டியை மட்டும் அகற்றிக் கதிரியக்கச் சிகிச்சை கொடுத்தாலும், முழுவதுமாக எடுத்தவர்கள் வாழும் அளவுக்கு வாழ்கிறார்கள் என்று நிரூபித்தார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது பாருங்கள். மார்பகம் போய்விடும் என்று பயந்து தாமதிக்கிறவருக்குத்தான் மார்பகம் போகிறது. சீக்கிரம் வருகிறவருக்குப் பெரும்பாலும் அதைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

ஹார்மோன் சார்ந்த நோய்க்கு ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று சாப்பிடும் மாத்திரைகள் இருக்கின்றன. கீமோவில் கொட்டிய முடி திரும்ப முளைக்கும். இந்தத் தீவிலேயே பொது மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. 1976-இல் கன்னியாஸ்திரீகள் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை இருக்கிறது. மூலிகையும் பத்தியமும் மனத்துக்கு ஆறுதல் தந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் பதிலாக அவற்றை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஐயாமார்களுக்கு

கடைசியாகக் கதவோரத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் மனைவி மருத்துவமனைக்குப் போவதா இல்லையா என்பதைப் பல நேரம் கணவர்தான் தீர்மானிக்கிறார். காருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்கிறோம், சாலை வரி தவறாமல் கட்டுகிறோம். வீட்டுக்காரம்மா கடைசியாக எப்போது மருத்துவரைப் பார்த்தார் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

“உனக்கு ஏதாவது கட்டி இருக்கிறதா?” என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்க வேண்டாம். “நாளைக்கு நான் அரை நாள் லீவு போடுகிறேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன், நீ கிளினிக்குக்குப் போய்விட்டு வா” என்று சொன்னால் போதும். நோய் என்று தெரிந்த பிறகு அவரை ஒதுக்காமல், சிகிச்சை நாளில் பக்கத்தில் உட்காருங்கள். தாலி கட்டும்போது கொடுத்த வாக்கு அதற்கும் சேர்த்துத்தான்.

தாய்மார்களே, வரும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் அக்கா தங்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள், அடுக்குமாடியில் எதிர் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கோயிலுக்குக் கூட்டாகப் போகத் தெரிந்த நமக்குக் கிளினிக்குக்குக் கூட்டாகப் போகத் தெரியாதா? மகளின் பரீட்சைக்குப் பிறகு, தீபாவளிக்குப் பிறகு, மருமகளின் பிரசவத்துக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள். அந்தப் பரீட்சை முடிவைப் பார்க்கவும், அந்தப் பேரப்பிள்ளையைத் தூக்கவும் நீங்கள் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இப்போதே போங்கள் என்கிறேன்.